சன்னல் இடுக்கும் மனச்சான்றும்

பழைய வீடுகளில் குடியிருப்போர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு: எந்தச் சன்னலும் முழுமையாக மூடிக்கொள்வதில்லை. கோவை ஆர்.எஸ்.புரத்தில் நாம் தங்கியிருக்கும் இல்லமும் அத்தகையதே. தேக்குச் சட்டங்கள் எத்தனையோ மழைக்கு உப்பியும் வெயிலுக்குச் சுருங்கியும் கோணிப்போய்விட்டன, கீல்கள் தளர்ந்துவிட்டன. கொண்டியை மாட்டிய பின்னரும் இரு கதவுகளுக்கும் நடுவே ஒரு நாணயத்தை நுழைக்கும் அளவுக்கு இடுக்கு இருக்கும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று அந்த இடுக்குகளில் புகுந்து இரவெல்லாம் சீழ்க்கை அடிக்கும். அம்மியும் பறக்கும் என்று சொல்லப்பட்ட காற்றுக்கு நம் சன்னல் எம்மாத்திரம்? அதை நாம் ஒரு குறையாக எண்ணியதே இல்லை.

2024ஆம் ஆண்டுக் கோடையில்தான் அது குறையாயிற்று. அவ்வாண்டின் வெயிலை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மே மாதத் தொடக்கத்தில் தமிழகத்தின் மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டிற்று. நமக்கு வயது ஐம்பத்தாறு. இரத்த அழுத்தமும் உண்டு. இரவில் உறக்கமின்றித் தவிப்பதைக் கேள்வியுற்ற அன்பர் ஒருவர் நம் அறைக்கு ஒரு ஏ.சி. வாங்கித் தந்தார். வேண்டாம் என்று மறுக்க நாமும் பெரிதாக முயலவில்லை. உறக்கம் வந்தது, அதைத் தொடர்ந்து மின்கட்டணமும் வந்தது. சித்திரை, வைகாசி ஆகிய இரு மாதங்களுக்கும் சேர்த்து 640 யூனிட். நம் மாநிலத்தில் இரு மாதக் கணக்கு 500 யூனிட்டைக் கடந்தால், கடந்த யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி, அதற்குக் கீழுள்ளவற்றில் ஒரு பகுதிக்கும் கூடுதல் விலை கொடுக்க வேண்டும் என்பது குடும்பத் தலைவிகள் அனைவரும் அறிந்த கணக்கு. நாம் அதை அப்போதுதான் கற்றுக்கொண்டோம். நம் கையில் புழங்குவது பிறர் தந்த பணம். குளிர்ந்த காற்று இடுக்குகள் வழியே தெருவுக்குப் போய்க்கொண்டிருக்க, அதற்காக நாம் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். இது மனத்தை உறுத்திற்று.

மறு ஆண்டு மாசி மாதத்தில் ஆசாரி ஒருவரை அழைத்தோம். அவர் சொன்ன முறை எளியது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திச் சன்னல் சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்திக்கொண்டே போக வேண்டும். புகை நேராக எழுந்தால் அவ்விடம் அடைந்திருக்கிறது. வளைந்து துடித்தால் அங்கே இடுக்கு. ஒரு மாலைப்பொழுது முழுவதும் நாமே ஊதுபத்தியும் கையுமாக அறையைச் சுற்றி வந்தோம். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே, கீல்களின் பின்னே, கண்ணாடிச் சில்லின் விளிம்பில், உத்தரத்தின் கீழுள்ள வென்டிலேட்டரில் என்று இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் புகை துடித்தது. கரித்துண்டால் ஒவ்வொன்றுக்கும் அடையாளம் இட்டோம். ஆசாரி கீல்களை மாற்றி, கோணிய விளிம்புகளை இழைத்து, விரிசல்களுக்கு மக்கு வைத்து, கதவுகள் பொருந்தும் இடமெங்கும் ரப்பர்ப் பட்டை ஒட்டினார். வென்டிலேட்டரைப் பலகை வைத்து அடைத்தார். பொருளுக்குச் சில நூறு ரூபாய், இரண்டு நாள் கூலி, வேறு செலவில்லை. மின்விலை ஏறிவரும் இந்நாளில் இதைவிடச் சிக்கனமான வேலை வேறொன்று இருக்க முடியாது என்று இப்போதும் கருதுகிறோம். வசதியுள்ளோர் செய்து பார்க்கலாம்.

அடைத்து முடிந்த அன்று மட்டும் ஒரு தயக்கம் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவை நகரைப் பிளேக் நோய் திரும்பத் திரும்பத் தாக்கிற்று. பழைய பேட்டைகளில் வீட்டோடு வீடு ஒட்டிக்கிடந்த நெருக்கத்தில் மக்கள் மடிந்தனர். இன்றும் நகரின் பல இடங்களில் உள்ள பிளேக் மாரியம்மன் கோவில்கள் அந்த அச்சத்தின் நினைவுச் சின்னங்கள். அக்காலத்திற்குப் பின்னர்தான் மேற்கே அகன்ற நேர்த்தெருக்களோடு இப்பகுதி விரிந்தது. நகராட்சித் தலைவராக விளங்கிய திவான் பகதூர் இரத்தினசபாபதி முதலியாரின் பெயரே ஆர்.எஸ்.புரம் என்பதன் சுருக்கத்தினுள் இருக்கிறது. சிறுவாணித் தண்ணீரை நகருக்குக் கொண்டுவர உழைத்தவரும் அவரே. பிளேக்கைப் பரப்புவது எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் 1898இலேயே கண்டறிந்திருந்தார். ஆயினும் இருளும் நெருக்கமும் எலிக்கு உகந்தவை அல்லவா? காற்றும் ஒளியும் தாராளமாகப் புக வேண்டும் என்ற எண்ணத்தோடு அமைந்த இப்பகுதியில், அவ்வெண்ணத்தின் பிள்ளையாகிய ஒரு வென்டிலேட்டரை நாம் பலகை வைத்து அடைத்துவிட்டோம்.

மேலை நாட்டார் இதில் பட்டு அறிந்திருக்கிறார்கள். 1973இல் எண்ணெய் விலை மும்மடங்கு நான்மடங்காய் ஏறியபோது, வீட்டைச் சூடாக்கும் செலவைக் குறைக்க அவர்கள் சன்னல் இடுக்குகளையெல்லாம் அடைத்தார்கள். அமெரிக்கக் கட்டடங்களில் ஒருவருக்கு இவ்வளவு வெளிக்காற்று வேண்டும் என்றிருந்த அளவையும் மிகவும் குறைத்தார்கள். தலைவலி, கண் எரிச்சல், சோர்வு என்று அலுவலகங்களில் முறையீடுகள் பெருகின. 1989இல் அந்த அளவை மீண்டும் மும்மடங்காக உயர்த்த நேர்ந்தது. மூடிய அறையில் நாம் விடும் மூச்சே நம்மைச் சோர்வடையச் செய்யும். ஆகவே படுக்குமுன் அரைமணி நேரம் சன்னலைத் திறந்துவைப்பது என்று ஒரு விதியை ஏற்படுத்திக்கொண்டு மனத்தைச் சமாதானப்படுத்தினோம். அதோடு ஏ.சி.யை 24 பாகையிலிருந்து 26க்கு உயர்த்தினோம்.

பலன் உடனே தெரிந்தது. பங்குனி முடிவில் வந்த கணக்கு முந்தைய ஆண்டின் அதே காலக் கணக்கைவிட நன்கு குறைந்திருந்தது. நமக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. ஞாயிறன்று சந்தித்த இரண்டு மூன்று பேரிடம் ஊதுபத்திச் சோதனையைப் பற்றி விரிவாகவே எடுத்துரைத்தோம்.

இனிமேல் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினோம். வைகாசி முடிவில் வந்த கணக்கு 630 யூனிட். இடுக்குகள் அடைபட்டிருக்கின்றன, பாகையும் உயர்த்தப்பட்டிருக்கிறது. பின் ஏன் பழைய இடத்துக்கே வந்து நின்றது? மின்மானியில் ஏதோ பழுது என்று எண்ணினோம். நம் மேல் பழுதிருக்கும் என்ற எண்ணம் முதலில் வருவதில்லை. மின்மானி இருப்பது வீட்டின் பின்சுவரில். பிற்பகல் மூன்று மணிக்கு, ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்களைக் குறித்துக்கொள்ளலாம் என்று தாளும் பேனாவுமாகப் பின்புறம் சென்றோம். அங்கே முகத்தில் அறைந்தது அனல். ஏ.சி.யின் வெளிப்பெட்டி மின்மானியை அடுத்துப் பொருத்தப்பட்டிருந்தது. அதற்கு எதிரே ஆறடித் தொலைவில், நம் இல்லத்துக் காவற்காரர் தங்கும் ஓட்டு அறை. அந்த அறைக்கு உள்ளது ஒரே சன்னல். அது சாத்தப்பட்டு, உட்புறம் அட்டைப்பெட்டியைக் கிழித்து வைத்து அடைக்கப்பட்டிருந்தது.

அவர் இரவெல்லாம் வாசலில் விழித்திருந்து பகலில் உறங்குபவர். கோவையில் மூடப்பட்ட பஞ்சாலைகளுள் ஒன்றில் இருபது ஆண்டுகள் நூற்புப் பகுதியில் உழைத்தவர். பஞ்சாலையைப் பற்றி அறியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவைக்கிறோம்: அங்கே சன்னல்களைச் சாத்தி, காற்றில் ஈரம் ஏற்றுவார்கள், உலர்ந்த காற்றில் நூல் அறுந்துவிடும். அமெரிக்காவில் 1902இல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த முதல் குளிர்பதன முறையும் ஓர் அச்சகத்துக் காகிதம் ஈரத்தில் விரியாதிருக்க அமைக்கப்பட்டதே. காகிதத்துக்கும் நூலுக்கும் செய்துகொடுத்த வசதி மனிதருக்கு வந்து சேர்ந்தது பிறகுதான். அதுவும் எல்லா மனிதருக்கும் அன்று.

“சன்னலை ஏன் அடைத்துவிட்டீர்கள், பெரியவரே?” என்று கேட்டோம்.

“அனல் அடிக்குதுங்க சாமி. முன்னெல்லாம் ராத்திரிக்குத்தானுங்க ஓடும், அப்ப நான் கேட்டுல இருப்பனுங்க. இந்த வருசம் மத்தியானமும் ஓடுதுங்களே.”

“அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?”

“சாமி தூங்கற நேரமுங்க. அதெப்படிங்க வந்து சொல்றது?”

கணக்கு ஏறியதன் காரணம் அப்போதே விளங்கிவிட்டது. பங்குனிக் கணக்கு குறைந்ததைக் கண்ட நாள் முதல், செலவுதான் குறைந்துவிட்டதே என்று பிற்பகலிலும் இரண்டு மூன்று மணி நேரம் ஏ.சி.யைப் போட்டு இளைப்பாறத் தொடங்கியிருந்தோம். அதற்கென்று முடிவெடுத்ததாக நினைவில்லை. பழக்கம் தானே வந்து அமர்ந்துகொண்டது. ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலறிஞர் 1865இல் நிலக்கரியைப் பற்றி எழுதிய நூலில் இதைத்தான் கூறினார்: நீராவி எந்திரம் சிக்கனமானதால் நிலக்கரிச் செலவு குறையவில்லை, எந்திரங்கள் பெருகிச் செலவு ஏறியது. ஒரு நாட்டின் வரலாற்றில் அவர் கண்டதை ஓர் ஐந்தடிக் கட்டிலில் நாம் நிறைவேற்றிக் காட்டினோம்.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயிற்றுவித்த பேராசிரியர்கள் புனித தோமா அக்குவினாஸைப் பின்பற்றி ஒரு செயலை மூன்று கோணங்களில் ஆராயச் சொல்வார்கள்: செயல் எத்தகையது, செய்தவரின் நோக்கம் என்ன, சூழ்நிலைகள் யாவை. மூன்றும் நன்றாயிருந்தால்தான் செயல் நன்று. அந்தத் தராசில் நம் சன்னலை வைத்துப் பார்த்தோம். இடுக்கை அடைத்த செயலில் குற்றமில்லை. இதில் நேர்மையாக இருக்க வேண்டும்: ஏ.சி. ஒரு யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பத்தை அறையிலிருந்து அள்ளுகிறது. அள்ளியதையும் செலவிட்டதையும் சேர்த்து நான்காக வெளியே கொட்டுகிறது. இடுக்கு அடைபட்டால் அள்ள வேண்டியதே குறைகிறது; வெளியே கொட்டுவதும் குறைகிறது. அந்த அளவில் ரப்பர்ப் பட்டை காவற்காரருக்கும் நன்மையே செய்தது. நோக்கமும் நல்லதுதான், பிறர் பணத்தை வீணாக்காமை. வழுக்கியது மூன்றாவதில். யாருடைய சுவர், எந்த நேரம், எதிரே படுத்திருப்பவர் யார் என்பதில்.

தெரியாமல் செய்தது பாவமாகுமா என்று வாசகர் கேட்கலாம். அறியாமையில் இருவகை உண்டு என்பது பழைய பாடம். எவ்வளவு முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை ஒன்று; அது மனிதரைக் குற்றத்தினின்று விடுவிக்கும். சிறிது முயன்றிருந்தால் நீங்கியிருக்கக்கூடிய அறியாமை மற்றொன்று, அது விடுவிக்காது. வெளிப்பெட்டி எங்கே பொருத்தப்பட்டிருந்தது என்பது நமக்குத் தெரியும். ஓட்டு அறையில் அவர் பகலில் உறங்குகிறார் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து நினைத்ததில்லை, அவ்வளவே. ஒரு மாலை முழுவதும் ஊதுபத்தியோடு உட்புறச் சுவரின் ஒவ்வோர் அங்குலத்தையும் சோதித்தோம். பத்து அடி நடந்து அதே சுவரின் மறுபுறத்தைப் பார்க்கவில்லை. மனச்சான்றைச் சோதிக்கும்போதும் நம்மில் பலர் இப்படித்தான் செய்கிறோமோ என்ற ஐயம் அன்றுமுதல் நம்மை விடவில்லை. நாம் நினைத்தது, பேசியது என்று உள்ளே துருவித் துருவிப் பார்க்கிறோம். நம் வசதியின் கழிவு எந்தச் சன்னலில் போய் விழுகிறது என்பது எந்தச் சோதனைப் பட்டியலிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலின் 55ஆம் பகுதியில் ஏ.சி.யைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். மேன்மேலும் பெருகிவரும் தீங்கான நுகர்வுப் பழக்கத்துக்கு எளிய எடுத்துக்காட்டாக. 211ஆம் பகுதியில், செலவழிக்க வசதியிருந்தும் வீட்டைச் சூடாக்குவதைக் குறைத்துக்கொண்டு கனத்த ஆடை அணிந்துகொள்பவரைப் பாராட்டுகிறார். இதை முன்பு படித்தபோது குளிர்நாட்டவர்க்குச் சொல்லப்பட்டது என்று தாண்டிப்போனோம். நம் ஊருக்கு இதன் பொருள், பிற்பகலில் மின்விசிறிக்கடியில் பாய் விரித்துப் படுப்பதுதான்.

சூழ்நிலை என்ற சொல்லின் கனத்தை உணர, மேலே நீலகிரிக்குச் சற்றுப் போய்வருவது நல்லது. சூடாக்கும் செலவு என்பது நம் மாநிலத்தில் பொருள்படும் மிகச் சில இடங்களுள் உதகை ஒன்று. மார்கழியிலும் தையிலும் புல்லின்மேல் உறைபனி படியும். கோவை கலெக்டராயிருந்த ஜான் சலிவன் 1820களின் தொடக்கத்தில் அங்கே கல் பங்களா கட்டிய காலந்தொட்டு, ஆங்கிலேயர் தம் வீடுகளில் கணப்பும் புகைபோக்கியும் வைத்துக் கட்டினர். அத்தகைய வீட்டில் சன்னல் இடுக்கை அடைத்தால் விறகு மிச்சமாகும். புகை தன் வழியே போய்விடும். புகைபோக்கி இல்லாத சிற்றறையில் குளிருக்கு அஞ்சிக் கதவு, சன்னல் அனைத்தையும் இறுகச் சாத்திவிட்டு, கரி அடுப்பை நடுவில் வைத்துக்கொண்டு உறங்குவோர் நிலை வேறு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உதகையிலும் கொடைக்கானலிலும் அவ்வாறு உறங்கியவர்கள் விடியலில் பிணமாகக் கிடந்த செய்தி குளிர்காலங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. வசதியுள்ளவர்க்குக் காசு மிச்சம் பிடிக்கும் அதே செயல், அடுத்த தெருவில் உயிரை வாங்குகிறது. சன்னல் இடுக்கை அடைப்பது நல்லதா என்று பொதுவில் கேட்டால் விடை இல்லை. எந்த வீட்டுச் சன்னல் என்று கேட்ட பிறகே விடை தொடங்குகிறது.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். செய்தியைக் கேட்ட நல்லவர் ஒருவர், அவருக்கு ஒரு டேபிள் ஃபேன் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றார். அன்போடு சொன்னதுதான், ஆனால் நமக்கு அது ஒப்பவில்லை. அனலை நாமே அனுப்பிவிட்டு, அதைக் கலக்கிவிட ஒரு விசிறியையும் அனுப்புவது தருமமா? வேறொருவர், இந்தத் தெருவில் அடுக்குமாடிச் சுவர்களையெல்லாம் பாருங்கள், எத்தனை பெட்டிகள் தொங்குகின்றன, உங்கள் ஒன்றை மாற்றினால் ஊர் குளிர்ந்துவிடுமா என்றார். இதற்கு விடை எளிதன்று. வெளிப்பெட்டியை மாடிக்கு ஏற்றினாலும் அந்த வெப்பம் ஊருக்குள்தான் இருக்கப்போகிறது. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில், ஏ.சி.க்கள் கொட்டும் வெப்பத்தால் மட்டுமே சில பகுதிகளில் இரவு வெப்பநிலை ஒரு பாகைக்கு மேல் உயர்கிறது என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஊரார் அனைவரும் சேர்ந்து தீர்க்க வேண்டிய கணக்கு அது. ஆனால் ஊர்க் கணக்கு தீரும் வரை ஆறடித் தொலைவில் இருப்பவரின் கணக்கைத் தள்ளிவைக்கலாம் என்பதற்கு நமக்கு எந்த நியாயமும் கிடைக்கவில்லை.

பெட்டியை மாடிக்கு ஏற்றினோம். கூடுதல் செப்புக் குழாய்க்கும் கூலிக்கும் ஆன தொகை, ரப்பர்ப் பட்டை பங்குனியில் மிச்சப்படுத்தித் தந்ததைப்போல் பல மடங்கு. அதை நம் சொந்தக் கையிருப்பிலிருந்து கொடுத்தோம். பங்கு மக்கள் பணத்தில் இதைச் செய்வது முறையன்று என்று தோன்றிற்று. பிற்பகல் ஏ.சி.யை விட்டுவிட்டோம். முதல் வாரம் மிகவும் கடினமாயிருந்தது. இரண்டாம் வாரமும் அவ்வளவு எளிதாயில்லை. ஆடி பிறந்ததும் ஆசாரி வந்து வென்டிலேட்டர்ப் பலகையைக் கழற்றி, கீல் வைத்துத் திறந்து மூடும்படி அமைத்துக் கொடுத்தார். ரப்பர்ப் பட்டைகளை எடுக்கவில்லை.

சில நாட்கள் கழித்து ஒரு பிற்பகல் பின்புறம் சென்றோம். காற்று கிளம்பியிருந்தது, முருங்கை மரம் ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டு அறையின் சன்னலில் அட்டை அப்படியே இருந்தது. பெரியவர் வெளித்திண்ணையில் அமர்ந்திருந்தார். பெட்டி போய்விட்டதே, இனித் திறந்து வைக்கலாமே என்றோம்.

“திறக்கறனுங்க சாமி” என்றார். பின்னர் சற்று நேரம் கழித்து, “அடுத்த கோடையில பார்த்துட்டுத் திறக்கறனுங்க” என்றார்.